மூன்று சூடுகள்

“டாக்டர் சார், இந்தக் காலக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. நேத்து இப்படி இல்ல.”

1978-ஆம் ஆண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பந்தயக் குதிரைகள் கட்டிய ஒரு லாயத்தில் எனக்கு வேலை. என்னைக் கூப்பிட்டவர் அங்கே சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிப்பவராக, இருந்த பெரியவர். நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்போம். பன்னிரண்டு வயதில் குதிரைக்குப் புல் போட வந்தவர், அப்போது அறுபதைத் தொட்டிருந்தார். அவர் காட்டியது ஐந்து வயதுச் செம்பழுப்புக் குதிரை ஒன்றின் இடது முன்னங்காலை.

குனிந்து தொட்டேன். காலைத் தூக்கி மடக்கி, முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கல்லூரியில் கற்றுத்தந்தபடி மேலிருந்து கீழே உருவிப் பார்த்தேன். வலது காலையும் அப்படியே பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டன. வீக்கம் இல்லை. அழுத்தினால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கெட்டித் தரையில் துள்ளுநடையாக ஓட்டிக் காட்டச் சொன்னேன். நொண்டல் இல்லை. “ஒண்ணும் இல்ல பாய், ஓடட்டும்” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

நான்காம் நாள் பந்தயம். கடைசி இருநூறு மீட்டரில் குதிரை நடை மாறித் தடுமாறியது. ஜாக்கி இழுத்துப் பிடித்து இறங்கிவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது இடது காலின் பின்புறம் முழங்காலுக்குக் கீழே வில்லைப் போல வெளியே வளைந்து வீங்கிக்கொண்டிருந்தது. தொட்ட கை சுட்டது. லாயத்தில் இதைச் சொல்ல இரண்டே சொற்கள்: “டெண்டன் போச்சு.” அந்தக் குதிரை அதற்குப் பிறகு பந்தயம் ஓடவில்லை.

பாயின் கைக்குத் தெரிந்தது என் கைக்கு ஏன் தெரியவில்லை? வேலையில் இருந்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு வந்தது. அதற்குப் பதில் தேடித்தான் பழைய நூல்களையும் புதிய ஆய்வுகளையும் படித்தேன். படித்து முடித்தபோது ஒன்று தெளிவானது. பந்தயக் குதிரையின் தசைநாண் காயத்தை மனிதர்கள் புரிந்துகொண்ட வரலாறு மூன்று சூடுகளின் வரலாறு. கை தொட்டறிந்த சூடு ஒன்று. இரும்பைக் காய்ச்சி நாம் வைத்த சூடு இன்னொன்று. ஓடும்போது நாணுக்குள்ளேயே பிறக்கும் சூடு மூன்றாவது. இந்த மூன்றாவதை அளந்து சொல்ல 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒற்றை விரலில் ஓடும் உடம்பு

லாயத்தில் டெண்டன் என்று சொல்லும், தசையை எலும்போடு பிணைக்கும் கயிற்றைப் பாடநூல்கள் தசைநாண் என்கின்றன. நல்ல சொல். வில்லில் கட்டிய நாண் எப்படி இழுபட்டு விசையைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தருகிறதோ, அதே வேலையைத்தான் குதிரையின் காலில் இதுவும் செய்கிறது. அந்த நாணே காயப்பட்டு வெளியே வளைந்து வில்லாகிப்போவதுதான் நான் அன்று பார்த்தது.

குதிரை நிற்பது ஒரு காலுக்கு ஒரே விரலில். நம் கையின் நடுவிரலுக்கு ஒப்பான விரல் அது. அதன் நகம்தான் குளம்பு. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது என்றே சொல்லிவிடலாம். எலும்பும் தோலும், நடுவே நாண்களும்தான். பின்பக்கத் தோலுக்கு அடியில் முதலில் கைக்குத் தட்டுப்படுவது விரலை மடக்கும் மேல்நாண். அதை ஒட்டி உள்ளே ஆழ்நாண். அதற்கும் உள்ளே எலும்பை ஒட்டித் தாங்குநார். பந்தயக் குதிரைகளில் அதிகம் காயப்படுவது முன்னங்காலின் மேல்நாண். அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர செண்டிமீட்டர்தான், சுண்டுவிரல் பருமன்.

இந்தச் சுண்டுவிரல் தாங்குவதை எண்ணிப் பாருங்கள். பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. முழுப் பாய்ச்சலில் நான்கு கால்களும் ஒவ்வொன்றாகத்தான் தரையைத் தொடுகின்றன. ஒரு முன்னங்கால் மட்டும் தரையில் ஊன்றி நிற்கும் நொடித்துளியில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அந்த ஒரு காலில் இறங்குகிறது. குளம்புக்கு மேலுள்ள மூட்டு கிட்டத்தட்டத் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்கிறது. நாண் இழுபட்டு நீள்கிறது. அப்போது தன் நீளத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் அது நீள்வதை அளந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் நாணை இழுத்தால் அறுந்துபோகும் எல்லைக்கு இது வெகு அருகில் இருக்கிறது. ஆக, பந்தயக் குதிரை ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அதன் நாண் அறுபடும் எல்லையின் ஓரத்திலேயே ஓடுகிறது.

குதிரை ஓடும்போது கால் எந்த நேரத்தில் தரையில் இருக்கிறது என்பதுகூட 1870கள் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிரான்சில் எத்தியேன் ழூல் மாரே குளம்புகளில் காற்றுப்பைகளைப் பொருத்தி அடிவைப்பைப் பதிவு செய்தார். 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை நிறுத்திப் பாய்ச்சலைத் துண்டு துண்டாகப் படமெடுத்தார். நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும் கணம் உண்டு என்பதற்காகவே அந்தப் படங்களைப் பேசுவார்கள். என்னைப் போன்றவர்கள் அவற்றில் பார்ப்பது ஒற்றைக் கால் ஊன்றிய கணத்தை. டெண்டன் போவது அங்கேதான்.

முதல் சூடு

கையைத் தவிர வேறு கருவி இல்லாத காலம் மிக நீண்டது. நம் மண்ணுக்கும் அதில் ஒரு சோகமான பங்கு உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வருவதை எழுதிவைத்தார். அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் சொன்னார். காரணமும் அவரே சொல்கிறார். குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. விற்பவர்களோ அப்படிப்பட்டவர்களை அழைத்து வருவதில்லை, யாரையும் வரவிடுவதும் இல்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்! அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய கால்களைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வாய்க்கவில்லை.

இந்தியாவில் குதிரை மருத்துவமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் நூல்கள் மிகப் பழையவை. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரத்தை 1952-ல் வண்ண ஓவியங்களோடு அச்சிட்டது. பிரிட்டிஷார் காலத்துக் குதிரைப்படைகளில் நாட்டுக் குதிரை வைத்தியருக்கு ‘சாலோத்ரி’ என்றே பெயர். அது சாலிஹோத்திரரின் பெயரிலிருந்து வந்த சொல். நூல் ஓரிடத்திலும் குதிரை வேறோர் இடத்திலும் இருந்ததுதான் குறை.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. குதிரை வைத்தியம் லாடம் அடிப்பவர்களின் கையில் இருந்தது. 1664-ல் சொலைசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய குதிரை நூல் பல மொழிகளுக்குப் போனது. 1762-ல் லியோன் நகரில் குளோத் பூர்ழெலா உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அவரே ஒரு குதிரையேற்ற ஆசான். லண்டனில் 1791-ல் பள்ளி வந்தது. இங்கே லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893. சென்னையில் 1903-ல் வேப்பேரி டாபின் ஹாலில் இருபது மாணவர்களோடு நான் படித்த கல்லூரி தொடங்கியது. ஆனால் கிண்டியில் 1777-லேயே குதிரைகள் பந்தயம் ஓடின. கிண்டியில் முதல் பந்தயத்துக்கும் வேப்பேரியில் முதல் வகுப்புக்கும் நடுவே 126 ஆண்டுகள். அத்தனை காலமும் இந்த ஊரில் ஓடிய குதிரைகளின் கால்களைத் தினமும் தொட்டறிந்தவர்கள் சைஸ்கள்தான். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த வெற்றிக் கோப்பையிலும் இல்லை.

கை என்ன அறிந்தது? சூடு, வீக்கம், வலி ஆகிய மூன்றை. 1895-ல் ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு முறிவு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நாண் எக்ஸ்ரேயில் பதியாது, அது எலும்பு அல்ல. ஆகவே அதன்பின் இன்னும் எண்பது ஆண்டுக்கு மேல் டெண்டனைப் பொறுத்தவரை டாக்டருக்கும் சைஸுக்கும் இருந்தது ஒரே கருவிதான், விரல்.

இரண்டாம் சூடு

காயத்தைப் பார்க்க முடியாதபோது மனிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை. இரும்பைக் காய்ச்சினார்கள்.

சூடு போடுவது உலகம் முழுவதும் இருந்த வைத்தியம். சுசுருத சம்ஹிதையில் மனிதருக்கான அக்கினி கர்மம் தனிப் பகுதி. அரபுக் குதிரை நூல்களிலும் ரோமானியரின் நூல்களிலும் சூட்டுக்கோல் உண்டு. நம் கிராமங்களில் நொண்டும் மாட்டுக்குச் சப்பையில் சூடு போட்ட தழும்பை என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பந்தயக் குதிரைக்கு இது இரண்டு வகை. காலின் பின்பக்கத் தோலில் வரிவரியாகக் கோடு இழுப்பது ஒன்று. பழுக்கக் காய்ச்சிய ஊசிமுனையால் புள்ளிபுள்ளியாகக் குத்துவது இன்னொன்று. சூடு வேண்டாம் என்றால் கொப்புளம் எழுப்பும் களிம்பு. ஒருவகை வண்டைப் பொடித்துச் செய்த மருந்து அல்லது பாதரசக் களிம்பு தடவித் தோலைப் பொங்க வைப்பார்கள்.

இதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கும் பழைய அழற்சியைப் புதிதாக மூட்டிவிட்டால் உடம்பு ஓடிவந்து ஆற்றிவிடும் என்பது அது. ஆறிய பின் தடித்த தழும்பு காலுக்கு நிரந்தரக் கட்டுப் போல நின்று தாங்கும் என்று இன்னொன்றும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். நானும் செய்திருக்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, முடியை மழித்து, இரும்பு செம்பழுப்பு நிறத்துக்கு வந்ததும் வைப்போம். ஊசி மருந்து இறங்கிய பிறகு அந்தக் குதிரை இரவெல்லாம் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்கும். அந்த இரவுகளில் பாய் லாயத்திலேயே படுத்துக்கொள்வார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதில் இருந்திருக்காது.

சூடு வைத்த குதிரைகள் சில திரும்பவும் ஓடின. அதுதான் இந்த வைத்தியத்தை நூற்றாண்டுக் கணக்கில் வாழவைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூடு போட்ட குதிரையை யாரும் உடனே ஓட்ட முடியாது. புண் ஆற வேண்டும், வீக்கம் வடிய வேண்டும். பல மாதம், சில சமயம் ஒரு வருஷம், அதை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். உரிமையாளரும் பொறுத்துக்கொள்வார், வைத்தியம் நடக்கிறது என்று அவருக்கு நம்பிக்கை. வெறுமனே ‘ஒரு வருஷம் ஓய்வு கொடுங்கள்’ என்று டாக்டர் சொன்னால் கேட்காதவர், சூடு வைத்தால் கேட்பார். ஆற்றியது ஓய்வு. பேர் வாங்கியது இரும்பு.

இதைச் சோதித்துச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார். இயன் சில்வர் தலைமையில் நடந்த அந்த நீண்ட ஆய்வு 1983-ல் ஒரு தனி இணைப்பிதழாகவே வெளிவந்தது. காயப்பட்ட நாண்களைச் சூடு வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சூட்டினால் நாண் விரைவாகவும் ஆறவில்லை, உறுதியாகவும் ஆறவில்லை. தழும்பு கட்டுப் போலத் தாங்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த இதழ் கைக்கு வந்த நாளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழுவதும் இரண்டு முறை படித்தேன். அதற்குப் பிறகு நான் சூட்டுக்கோலை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் என் கையால் சூடு வாங்கிய கால்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன்தான்.

மூன்றாம் சூடு

ஒலியால் உடம்புக்குள் பார்க்கும் வித்தை மனிதருக்காக வந்தது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் 1958-ல் அதன் முதல் படங்களை வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைப் பார்த்த அந்தக் கருவி குதிரையின் காலுக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நார்மன் ரான்டனென் என்ற கால்நடை மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கொண்டு குதிரைக் காலின் நாண்களைப் பார்த்து எழுதினார். எக்ஸ்ரேயால் பார்க்க முடியாததை ஒலி பார்த்தது.

ஸ்கேனில் நல்ல நாணின் குறுக்குவெட்டு எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்டால், நன்றாக வெந்த சோற்றை அழுத்திவைத்தது போல இருக்கும் என்பேன். வெண்புள்ளிகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கியிருக்கும். காயப்பட்ட நாணில் அந்தச் சோற்றின் நடுவில் ஒரு கரும்பொட்டு. நார்கள் அறுந்து, ரத்தமும் நீரும் தேங்கிய இடம் அது. 1990களில் இந்தக் கருவி என் கைக்கு வந்தபோது முதலில் என்னை உலுக்கியது அந்தப் பொட்டு இருந்த இடம். காயம் ஓரத்தில் இல்லை, நட்டநடுவில். வெளியே தோல் ஓரளவு சாதாரணமாக இருக்கும்போதே உள்ளே பொட்டு விழுந்திருந்த குதிரைகளையும் பார்த்தேன்.

ஏன் நடுவில்? 1994-ல் ஆலன் வில்சனும் ஆலன் குட்ஷிப்பும் அதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஓடும் குதிரையின் நாணுக்குள் வெப்பமானியை வைத்து அளந்தபோது, பாய்ச்சலில் நாணின் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடேறுவதைக் கண்டார்கள். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடக்கிய இடம் சுடும் அல்லவா? அதுபோலத்தான். நாண் நல்ல ஸ்பிரிங். இழுக்கும் விசையில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. திரும்பாத சிறுபகுதி சூடாகிறது. ஓரத்தில் பிறக்கும் சூடு வெளியேறிவிடும். நடுவில் பிறப்பது தங்கிவிடும். நாணில் ஓடும் ரத்தமும் குறைவு, ஆற்ற ஆள் இல்லை.

அந்தச் சூட்டில் நாணின் செல்கள் செத்துவிடுகின்றனவா என்றும் சோதித்தார்கள். பெரும்பாலானவை பத்து நிமிடம் 45 டிகிரியைத் தாக்குப்பிடித்துவிட்டன. ஆகவே சூடு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பெரிய உண்மை மெல்ல உருக்கொண்டது. வளர்ந்து முடிந்த குதிரையின் மேல்நாண், தசையைப் போலவோ எலும்பைப் போலவோ பயிற்சிக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பாய்ச்சலும் நுண்ணிய கீறல்களை விட்டுச்செல்கிறது. அவை சேர்கின்றன. அந்தக் கட்டத்தில் வலி இல்லை, வீக்கமும் நொண்டலும்கூட இல்லை. ஒரு நாள் நடுப்பகுதி மொத்தமாக விட்டுப்போகிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரே நொடியில் நடந்த விபத்து. உண்மையில் அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சேர்ந்த தேய்மானம்.

1978-ல் என் விரலுக்கு ஏன் ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதற்கான பதிலில் பாதி இதில் கிடைத்தது. கை அறியும் சூடு காயத்தின் ஆரம்பத்தில் வருவதில்லை. உள்ளே தொடங்கியது தோலுக்கு வந்து சேரும்போதுதான் கைக்குத் தெரிகிறது. அந்தக் காலையில் அது அப்போதுதான் தோலை எட்டத் தொடங்கியிருந்தது.

பெரிய குதிரைகளும் தப்பவில்லை

இது ஏழைக் குதிரைக்கும் கவனிப்பில்லாத லாயத்துக்கும் மட்டும் வரும் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளைக் கணக்கெடுத்து 2004-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 11 சதவீதத்துக்கு மேல்நாண் காயம் இருந்தது. அதே நாட்டில் 1994 அக்டோபரில் நடந்த இலையுதிர்காலப் பேரரசர் கோப்பைப் பந்தயத்தில் பிவா ஹயாஹிடே, வின்னிங் டிக்கெட் என்ற இரண்டு புகழ்பெற்ற குதிரைகள் ஒரே ஓட்டத்தில் டெண்டன் போய், இரண்டும் களத்தை விட்டு விலகின.

கனடாவின் நார்தர்ன் டான்சர் 1964-ல் கென்டக்கி டெர்பியை வென்றது. அதே ஆண்டு கோடையில் இடது முன்னங்கால் டெண்டன் போய்ப் பந்தய வாழ்வு முடிந்தது. அதன் வாரிசுகள் உலகப் பந்தயங்களையே ஆண்டன என்பதால் அந்தக் காயத்தை உலகம் மறந்துவிட்டது. வாரிசு கேட்டு யாரும் வராத ஆயிரமாயிரம் குதிரைகளுக்கு அதே காயம் வேறு முடிவைத் தந்தது. அதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

2012-ல் ஐல் ஹேவ் அனதர் என்ற குதிரை கென்டக்கி டெர்பியையும் பிரீக்னஸையும் வென்றது. ஜூன் 9 அன்று பெல்மான்ட்டையும் வென்றால் மும்மகுடம். 1978-க்குப் பிறகு அதுவரை எந்தக் குதிரையும் அதை வென்றிருக்கவில்லை. அமெரிக்கா முழுவதும் காத்திருந்தது. முதல் நாள், ஜூன் 8 அன்று, இடது முன்னங்காலில் லேசான வீக்கம் கண்டு ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மேல்நாணில் காயம் தொடங்கியிருந்தது. குதிரையை விலக்கிக்கொண்டார்கள், ஓய்வும் கொடுத்துவிட்டார்கள். எத்தனையோ பேருக்கு ஏமாற்றம். எனக்கு அந்தச் செய்தி ஒரு நிறைவைத் தந்தது. 1978-ல் நான் செய்யத் தவறியதை அங்கே இருந்தவர்கள் அத்தனை பெரிய பரிசுக்கு எதிரில் நின்று செய்தார்கள்.

ஒட்டுப்போட்ட நாண்

கண்டுபிடித்துவிட்டால் குணமாக்கிவிடலாமா? இங்கேதான் பணிவு வேண்டும். அறுந்த நார் ஆறும், ஆனால் பழைய நூலால் அல்ல. நல்ல நாண் முதல் வகைக் கொலாஜன் இழைகளால் ஆனது. அவை நீளவாக்கில் சீராக அடுக்கியிருக்கும். தழும்பில் முதலில் வருவது மெலிந்த மூன்றாம் வகை இழை, அதுவும் குறுக்கும் நெடுக்குமாக. மாதங்கள் போகப் போகத்தான் அது ஓரளவு சீராகும். முழுதும் பழையபடி ஆகாது. மீன்வலையில் கிழிந்த இடத்தைத் தடித்த நூலால் முடிந்தால், அடுத்த முறை கிழிவது முடிச்சுக்குப் பக்கத்தில் என்று வலைக்காரர்கள் அறிவார்கள். டெண்டனும் அப்படித்தான். ஒட்டுப்போட்ட இடம் நீளாது. அதன் பக்கத்தில் இருக்கும் நல்ல நார் தன் பங்கையும் சேர்த்து நீள வேண்டியிருக்கிறது.

2003-ல் லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித் குழுவினர், குதிரையின் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களைப் பெருக்கிக் காயப்பட்ட நாணுக்குள் செலுத்திய முறையை வெளியிட்டார்கள். 2012-ல் அப்படிச் சிகிச்சை பெற்ற 141 பந்தயக் குதிரைகளின் பின்னாள் நிலவரம் வந்தது. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் மீண்டும் காயப்பட்டன. பழைய முறைகளில் பாதிக்கு மேல் திரும்பக் காயப்படும் என்று கணக்கு இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தக் குதிரைகளும் ஊசி போட்ட மறுமாதம் ஓடவில்லை. முதலில் நடை, பிறகு துள்ளுநடை, பிறகு மெல்லோட்டம் என்று ஒரு வருஷத்துக்கு நெருங்கிய காலம் படிப்படியாகப் பழக்கினார்கள். காய்ச்சிய இரும்பானாலும் குருத்தணுவானாலும் அந்த ஒரு வருஷத்தைக் குறைத்துத் தரும் மருந்து இன்னும் வரவில்லை.

பாயிடம் கற்றது

என் கேள்வியின் மறுபாதிக்குப் பதில் சொன்னவர் பாய். அந்தச் செம்பழுப்புக் குதிரை போய் ஒரு வருஷம் கழித்து, வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன்: “அன்னிக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது பாய்?”

அவர் செய்து காட்டினார். அதிகாலையில், குதிரை லாயத்தை விட்டு வெளியே வரும் முன், பேண்டேஜை அவிழ்த்துக் கொஞ்ச நேரம் காற்றாட விடுவார். தன் கைகளைத் தண்ணீரில் கழுவித் துடைப்பார். புறங்கையால் முதலில் வலது கால், பிறகு இடது கால். பிறகு விரலால் உருவுவார். மாலையில் மீண்டும். வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. “நீங்க இந்தக் காலையும் அந்தக் காலையும் ஒத்துப் பாக்கறீங்க சார். நான் இன்னிக்குக் காலையும் நேத்துக் காலையும் ஒத்துப் பாக்கறேன்” என்றார்.

அவர் முதலில் சொன்ன வாக்கியமே அதுதான்: “நேத்து இப்படி இல்ல.” நான் அதில் ‘இந்தக் காலை’ மட்டும் கேட்டேன், ‘நேத்து’வைக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கால் அன்று ஒரு நாள் பார்த்த கால். அவருக்கு அது மூன்று வருஷம் தினமும் இரண்டு வேளை தொட்ட கால். இன்றைக்கு நல்ல லாயங்களில் காயம் வரும் முன்பே, குதிரை நலமாக இருக்கும்போதே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை அதோடு ஒப்பிடுகிறார்கள். பாய் விரலால் செய்ததைத்தான் கருவியால் செய்கிறார்கள்.

பாய் இறந்து பல வருஷம் ஆகிறது. குதிரை வைத்திருப்பவர்களுக்கும், பழக்குபவர்களுக்கும், என் துறைக்கு வரும் இளைஞர்களுக்கும் நான் சொல்ல இரண்டே உண்டு. ஸ்கேன் கருவியை எடுக்கும் முன் அந்தக் குதிரையின் சைஸைக் கூப்பிட்டு, நேற்று இந்தக் கால் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் தயங்கினால் குதிரையை ஓடவிடாதீர்கள். தவறவிட்ட பந்தயம் அடுத்த வாரமும் வரும். போன டெண்டன் பழையபடி வராது.